ஈசான மூலையில் ஒரு மஞ்சள் ரயர்

குணலட்சுமி எதையும் எறியமாட்டாள். இதைச் சொன்னால் ஊரில் பாதிப் பேர் சிரிப்பார்கள். மற்றப் பாதிப் பேர் சிரிக்கமாட்டார்கள்; அவர்கள் தங்கள் வீட்டுப் பழைய வண்டி ரயரையும் ஓட்டை வாளியையும் அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள். “குணமக்கா, இது உங்களுக்கு உதவுமோ?” என்று யாராவது கேற்றடியில் நின்று கூப்பிட்டால், அடுப்பில் கறி கொதித்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து வாங்கிவிடுவாள். உதவாது என்று அவள் வாயால் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.

கொடிகாமத்திலிருந்து வரணிப் பக்கம் போகும் வீதியில், ஓர் ஒழுங்கைக்குள் கிழக்குப் பார்த்த வீடு அது. போன வருடம்வரை அந்த ஒழுங்கையால் போனவர்கள் சைக்கிளை மெதுவாக்காமல் போனதில்லை. முற்றத்தைச் சுற்றிப் பன்னிரண்டு ரயர்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பூக்கன்று. பாத்திகளுக்கு வரம்பாகக் கண்ணாடிப் போத்தல்களைத் தலைகீழாகப் புதைத்திருந்தாள். பிளாஸ்ரிக் சோடாப் போத்தலின் அடிப்பக்கத்தைக் கவனித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதிலேயே ஐந்து இதழ் இருக்கிறது. அதை வெட்டி எடுத்து, மெழுகுதிரியில் ஓரத்தை வாட்டி வளைத்து, சிவப்போ ஊதாவோ அடித்துக் கம்பியில் குத்திவிட்டால் பூ ஆயத்தம். மாமரக் கிளையில் கிழிந்த சேலைக்கரையால் பின்னிய உறிகள், அவற்றில் சிரட்டைகள், சிரட்டைக்குள் பத்துமணிப்பூ. கிளிகள் மாங்காயில் வாய் வைக்காமல் இருக்கப் பழைய சீடீக்களையும் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

“கிளிக்கு ஒரு பயமுமில்லை. எனக்குத்தான் கண் கூசுது” என்பார் கதிரவேலு. அவர் அவளுடைய கணவர். முப்பது வருடம் மரக்கறி லொறி ஓடியவர், இப்போது ஓய்வு. ஓய்வு என்றால், கதிரையில் இருந்துகொண்டு மனைவியின் வேலைகளுக்குக் குறை சொல்வது.

இந்தப் பித்து அவளுக்கு எப்போது பிடித்தது என்று கேட்டால், நாள் குறித்தே சொல்லலாம். இரண்டாயிரமாம் ஆண்டு போரில் இடம்பெயர்ந்து, இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கதவில்லை, வேலியில்லை. கதிரவேலு எங்கேயோ அலைந்து ஒரு தகரக் கேற்றைக் கொண்டுவந்து போட்டு, அதற்குப் பச்சைப் பெயின்ற் அடித்தார். ரின்னின் அடியில் கொஞ்சம் மிஞ்சியது. குணலட்சுமி அதை வெற்றுப் பால்மாப் பேணி ஒன்றுக்குப் பூசி, மேலே வெள்ளையில் நாலு புள்ளி குத்தி, பக்கத்து வளவிலிருந்து பிடுங்கி வந்த நித்தியகல்யாணியை அதில் வைத்தாள்.

“சமைக்க ஒழுங்கான சட்டியில்லை. உனக்குப் பேணிக்குப் பெயின்றோ?” என்று கேட்டார் கதிரவேலு.

“வாய்க்கு மாத்திரம் பார்த்தால் காணுமோ? கண்ணுக்கும் ஏதும் வேணுமெல்லோ” என்றாள். பிறகு லொறியில் தேய்ந்துபோன ரயர்களை அவரேதான் உருட்டிக்கொண்டு வந்து தந்தார்.

லொறி ரயரை வெட்டுவது என்ன சும்மா காரியமா? கத்தி ஓடாது, உள்ளே கம்பி, கை வழுக்கும். சவர்க்காரத் தண்ணீரில் கத்தியைத் தோய்த்துத் தோய்த்து இழுத்தால் ரப்பர் வெண்ணெய்க் கட்டி மாதிரி விட்டுக்கொடுக்கும் என்பதை அவள் தானாகவே கண்டுபிடித்தாள். முதலில் ரயர்களை அப்படியே படுக்கப்போட்டு மண் நிரப்பித்தான் வைத்திருந்தாள். ஒரு மார்கழி மழையில் டெங்குப் பரிசோதனைக்கு ஓர் அதிகாரி வந்தார். பன்னிரண்டு ரயரை ஒரே முற்றத்தில் கண்டதும் மனிதருக்கு முகமெல்லாம் மாறிவிட்டது. விரலை விட்டு ரயரின் உள்வளைவைத் தடவினார், ஈரம். “அம்மா, இது நுளம்புக்குக் கட்டின மாளிகை. இரண்டு கிழமை தவணை தாறன். இல்லாட்டி வழக்குத்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேறு ஆளென்றால் அன்றைக்கே எல்லாவற்றையும் தெருவில் எறிந்திருப்பார். குணலட்சுமி எறியமாட்டாள் என்றுதான் முதலிலேயே சொல்லியாகிவிட்டதே. இரண்டு கிழமையும் சவர்க்காரத் தண்ணீரும் கத்தியுமாக இருந்து, பன்னிரண்டு ரயருக்கும் மேல்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் வெட்டி எடுத்தாள். பெருவிரலில் மூன்று தையல். மிஞ்சியது அகலமான வளையம் மட்டும். அடியில்லை, தண்ணீர் நிற்க ஓரிடமில்லை. பூவின் வேர் நேரே வளவு மண்ணுக்குள் இறங்கியது. திரும்பி வந்த அதிகாரி சுற்றிச் சுற்றிப் பார்த்து ஒரு குறையும் காணாமல் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் மனைவியையும் கூட்டிவந்து காட்டினார்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, செந்தூரன். படித்து முடித்துக் கனடாவுக்குப் போய் ஒன்பது வருடம். போய் மூன்றாம் வருடத்திலிருந்து தை மாதத்தில் ஒரு பெரிய பெட்டி கப்பலில் அனுப்புவான். அம்மாவுக்குச் சம்பூ, தோலுக்குப் பூசும் களிம்பு, சொக்கிலேற் ரின், கோப்பி ரின். அப்பாவுக்கு வைற்றமின் குளிசைப் போத்தல்கள். சொக்கிலேற் ஊருக்குப் போகும். குளிசையைக் கதிரவேலு விழுங்குவார். வெற்று ரின்களும் போத்தல்களும் மூடிகளும் குணலட்சுமிக்கு.

இதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது? சம்பூப் போத்தலின் வழவழப்பான நீலப் பிளாஸ்ரிக்கை வெட்டினால் சங்குப்பூ மாதிரி ஓர் இதழ் வரும், இங்கத்தைப் போத்தலில் அது வராது. கோப்பி ரின் துருப்பிடிக்காது. வைற்றமின் மூடிகள் நல்ல சிவப்பு, வெயிலில் நிறம் போகாது. வருடம் முழுவதும் அவற்றை எடுத்துத் துடைத்து, வெட்டி, நிறம் பூசி, இடம் மாற்றி வைக்கும்போது பிள்ளை பக்கத்தில் எங்கேயோ நிற்கிறான் என்று ஒரு நினைப்பு. அவ்வளவுதான். அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

போன வருடம் கலியாணம் சரிவந்தது. பெண் இணுவில், பெயர் ஆரணி, ஆசிரியை. ஆவணியில் நாள் வைத்தாகிவிட்டது. சித்திரையில் ஒரு நாள் செந்தூரன் வீடியோவில் வந்தான்.

“அம்மா, கலியாணத்துக்குப் பொம்பிளை வீட்டுக்காரர் வருவினம், இங்கையிருந்து என்ரை சிநேகிதங்களும் வருவாங்கள். முத்தத்தை ஒருக்காத் துப்பரவாக்க வேணும்.”

“துப்பரவாத்தானே மோனை கிடக்கு. காலமையும் கூட்டினனான்.”

“கூட்டுறதில்லை அம்மா. உந்தக் குப்பையளைச் சொல்லுறன்.”

எந்தக் குப்பை என்று பார்க்க அவள் போனைத் திருப்பினாள். மஞ்சள் ரயரும் நீலப் பூக்களும் கோப்பி ரின்களும் திரையில் வந்தன. “ஓம், உதுகள்தான்” என்றான் செந்தூரன்.

குணலட்சுமி போனைத் தன் பக்கம் திருப்பினாள். அவன் மேலே மேலே சொல்லிக்கொண்டு போனான். முற்றம் முழுக்க இன்ரர்லொக் கல் பதிக்க வேண்டும், வாகனம் விட வேண்டும், கதிரை போட வேண்டும், பந்தல் போட வேண்டும். புல் ஒரு காலமும் முளைக்கக்கூடாது, அதனால் கீழே கொங்கிறீற் போட்டு அதன்மேல் கல். யாழ்ப்பாணத்தில் றெஜி என்று ஒரு கெட்டிக்காரன் இருக்கிறானாம், அவனோடு பேசியும் ஆயிற்றாம். அவள் “ஓம் மோனை, ஓம் மோனை” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கதைத்து முடிந்ததும் குசினிக்குள் போய் முகத்தைக் கழுவினாள். அழுததை மறைக்கத்தான் கழுவினாள், வேறொன்றுமில்லை.

“பெடியன் ஆசைப்படுறான். அவன்ரை கலியாணம். விடு” என்றார் கதிரவேலு. அவருக்கும் மனசு சரியில்லை. அன்றைக்கு முழுவதும் ஒன்றுக்கும் குறை சொல்லவில்லை.

இரண்டு நாள் அவள் தனியே நின்று எல்லாவற்றையும் கிணற்றுக்குப் பின்னால் கொண்டுபோனாள். யாரையும் கைகொடுக்க விடவில்லை. வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, போத்தல் பூக்களை ஒரு கடகத்துக்குள் போட்டு, மேலே சாக்கால் மூடினாள்.

றெஜி நல்ல பெடியன். பத்து நாள் வேலை, பத்து நாளும் குணலட்சுமி கையால் சாப்பாடு. மூன்றாம் நாளே “அன்ரி, இந்த மீன்குழம்புக்காக இன்னொரு வளவுக்கும் கல்லுப் பதிக்கலாம்” என்று சொல்லிவிட்டான். வீட்டு வாசலில் தொடங்கி, கொங்கிறீற்றும் கல்லுமாகக் கேற்றுவரை போட்டு, கேற்றால் உள்ளே வந்தால் வலது கைப் பக்கம் வருகிற மூலை ஒன்றுதான் மிச்சம். பத்தாம் நாள் காலை தேத்தண்ணியோடு குணலட்சுமி அங்கே போய் நின்றாள்.

“தம்பி, மழைத்தண்ணி எங்கை போகும்?”

“கேற்றாலை வெளியிலை போகும் அன்ரி.”

“ஒழுங்கைக்கோ? நல்ல கதை! ஒழுங்கையிலை வெள்ளம் நிண்டால் ஊர் என்னையெல்லோ பேசும். இந்த மூலைதான் தாழ்வு. இதிலை எப்பன் மண்ணை விடு, தண்ணி இறங்கட்டும்.”

நியாயமான பேச்சு. றெஜி தலையைச் சொறிந்தான். “சரி, சதுரமா ரெண்டடி விடுறன்.”

“வட்டமா விடு.”

“தண்ணி இறங்க வட்டம் எதுக்கு அன்ரி?”

“வட்டமா விடு எண்டால் விடன்.”

அவன் அவளைப் பார்த்தான். கிணற்றடிப் பக்கம் திரும்பி, சாக்கு மூடிய குவியலையும் பார்த்தான். பிறகு ஒன்றும் கேளாமல் போய், குவியலில் மேலே கிடந்த மஞ்சள் வளையத்தைத் தூக்கிவந்து வைத்து, அளவெடுத்து, அதைச் சுற்றிக் கல்லைப் பதித்தான். முன்பள்ளி மதிலுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் அது. விளிம்போரம் இரண்டு வரிசையாகச் சிவப்பு மூடிகளை ஆணியால் அறைந்திருந்தாள். வேலை முடிந்ததும் அதற்குள் மண் நிரப்பிப் பத்துமணிப்பூ வைத்தாள். குசினி யன்னலால் எட்டிப் பார்த்தால் முதலில் தெரிவது அந்த மூலைதான். சாம்பல் நிறக் கல்லுக்கு நடுவே அந்த ஒரு மஞ்சள் வட்டம். பன்னிரண்டில் அந்த ஒன்றையாவது காப்பாற்றிவிட்டேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நினைத்தால் ஆயிற்றா? ஆவணி பிறந்து செந்தூரன் வந்து இறங்கினான். தாயைக் கட்டிப்பிடித்தான், தகப்பனைக் கட்டிப்பிடித்தான், முற்றத்தைப் பார்த்து முகம் மலர்ந்தான். பிறகு பார்வை மூலைக்குப் போயிற்று.

“அம்மா, உதென்ன?”

“தண்ணி இறங்க விட்டது மோனை.”

“தண்ணி இறங்க ரயர் எதுக்கு?”

செந்தூரன் அங்கேயே நின்று றெஜிக்குப் போன் எடுத்தான். உடனே வந்து அந்த ஓட்டையை மூட வேண்டும் என்றான். மீன்குழம்பு சாப்பிட்டவன் அல்லவா றெஜி? கல்லு முடிந்துவிட்டது, புதுக் கல்லு வர வேண்டும், அதே நிறத்தில் தேட வேண்டும் என்று ஏதேதோ சொல்லி, “கலியாணம் முடியப் புதன்கிழமை கட்டாயம் வாறன் அண்ணை” என்று வைத்துவிட்டான். செந்தூரனுக்குக் கோபம். ரயரையாவது எடுத்துவிடுவோம் என்று குனிந்து இழுத்துப் பார்த்தான். மண் நிரப்பிய லொறி ரயர் அசையுமா? வெள்ளைச் சேட்டில் மண் பட்டதுதான் மிச்சம்.

“கலியாணம் முடியுமட்டும் கிடக்கட்டும். புதன்கிழமை உதை எடுக்கிறதுதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். குணலட்சுமி நாளை எண்ணத் தொடங்கினாள். இன்னும் ஒன்பது நாள்.

கலியாணம் ஞாயிறு. அதற்கு முன் வியாழக்கிழமை பொன்னுருக்கு. மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன் உருக்கி, அதே நேரத்துக்குள் முற்றத்தில் கன்னிக்கால் நட வேண்டும். முள்முருக்கந்தடி ஒன்றை வெட்டி, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, ஈசான மூலையில் ஊன்றுவது. அது தளிர்த்தால் குடும்பம் தளிர்க்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. முன்னுக்கு நின்று நடத்துகிறவர் தாய்மாமன், குணலட்சுமியின் தமையன் கனகசபாபதி. அவர் மேற்பார்க்காமல் அந்தப் பகுதியில் ஒரு கலியாணம் நடந்ததில்லை. நேரம் ஒரு நிமிடம் பிசகினாலும் மனிதருக்கு மூக்கு வியர்த்துவிடும்.

காலை ஒன்பது பத்திலிருந்து ஒன்பது ஐம்பதுவரை நல்லநேரம். உள்ளே ஆசாரியார் பொன்னை உருக்கினார், அது உருண்டு திரண்டு மினுங்கியது, எல்லாருக்கும் காட்டினார்கள். எல்லாம் சரி. கனகசபாபதி ஒரு கையில் முருக்கந்தடியும் மறு கையில் குழி தோண்ட அலவாங்குமாகப் படியிறங்கி வந்தார். பின்னால் பட்டுவேட்டியில் செந்தூரன், அவனுக்குப் பின்னால் பால்தண்ணிச் செம்போடு மூன்று சுமங்கலிகள், அவர்களுக்குப் பின்னால் கமராக்காரன். கனகசபாபதி முற்றத்தில் நின்றார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். கல்லு. கல்லுக்கு அங்காலும் கல்லு.

“எங்கையடா மண்?”

நாலு மாதமாகப் பந்தலுக்கு யார், சமையலுக்கு யார், வீடியோவுக்கு யார் என்று மண்டையை உடைத்த அத்தனை பேரில், ஒருத்தருக்காவது இது தோன்றியதா? இல்லை. கதிரவேலு வானத்தைப் பார்த்தார்.

“ஒரு கல்லைக் கிளப்புவம் மாமா” என்று செந்தூரன் அலவாங்கை வாங்கிக் குத்தினான். தீப்பொறி பறந்தது. கல்லு பெயர்ந்தால் கீழே கொங்கிறீற் என்று அவனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அவன் சொல்லிப் போட்ட கொங்கிறீற்தானே.

“பின்வளவிலை மண் இருக்கு…” என்று இழுத்தான்.

“கக்கூசுக்குப் பக்கத்திலையோ கன்னிக்கால் நடுறது? விசர்க் கதை கதையாதை!”

“அப்ப ஒரு வாளிக்குள்ளை மண் போட்டு வைப்பம். மண்டபங்களிலை அப்பிடித்தானே செய்யினம்.”

“மண்டபம் ஆரோ ஒருத்தரின்ரை இடம். இது உன்ரை வீடு. உன்ரை குடும்பம் வேர்விட வேண்டிய முத்தத்திலை வாளி வைக்கிறியோ?” கனகசபாபதிக்குக் குரல் உயர்ந்துவிட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது முப்பத்திரண்டு. செந்தூரனுக்கு நெற்றியிலிருந்து வியர்வை ஓடியது. கனடாவில் இதையெல்லாம் நினைத்துச் சிரித்தவன்தான். ஆனாலும் தன் கலியாணம் என்று வரும்போது அப்படிச் சிரிக்க முடியுமா?

“ஈசான மூலை எது?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு கனகசபாபதி சூரியனைப் பார்த்தார், வடக்கைக் கணித்தார், கையை நீட்டினார். நீட்டிய கைக்கு நேரே நின்றது மஞ்சள் ரயர்.

அவர் கை அப்படியே நின்றது. மெதுவாகக் கிட்டப் போனார்.

“குணம், இதுக்கு அடி இருக்கோ?”

“இல்லை அண்ணை. அடி வெட்டினது.” பெண்களுக்குப் பின்னால் நின்ற குணலட்சுமியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். “அடி இல்லை அண்ணை. கீழை எங்கடை வளவு மண்தான்.”

“கொங்கிறீற்?”

“இதிலை போடேல்லை. வட்டமா விடச் சொன்னனான்.”

கனகசபாபதி மஞ்சள் நிறத்தைப் பார்த்தார். அதில் பொட்டுப் பொட்டாக நின்ற சிவப்பைப் பார்த்தார். “அடி பாவி! மஞ்சளும் பூசி, குங்குமமும் வைச்சு, இடமும் விட்டுப்போட்டு, வாயைத் திறவாமல் நிக்கிறாய்!”

“நான் தண்ணி இறங்கத்தான் அண்ணை விட்டனான்” என்றாள் குணலட்சுமி. பொய் சொல்லக்கூடாது, கன்னிக்கால் நினைப்பு அவளுக்கும் வரவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அதை யார் நம்பினார்கள்?

அவள் முன்னுக்கு வந்து, நடுவில் நின்ற பத்துமணிப்பூக்களைக் கையால் ஒதுக்கி இடம் செய்தாள். கனகசபாபதி அலவாங்கை விட்டார். ஒரே குத்தில் ஒரு முழம் இறங்கியது. நவதானியம் போட்டார்கள். “மாப்பிள்ளை, இருந்து தடியைப் பிடி” என்றார். செந்தூரன் ரயருக்கு முன்னால் முழங்காலில் இருந்து, இரண்டு கையாலும் தடியைப் பிடித்தான். முகத்துக்கு நேரே சிவப்பு மூடிகள்.

ஒரு மூடியில் எழுத்து இருந்தது. அமத்தித் திருப்பவும் என்று இங்கிலீசில். செந்தூரன் அதை வாசித்தான். பக்கத்து மூடியிலும் அதுதான். விரலால் தடவிப் பார்த்தான்.

“அம்மா… இது அப்பாக்கு நான் அனுப்பின வைற்றமின் மூடியெல்லோ?”

“ஓம்.”

“எல்லாமோ?”

“எல்லாம்தான். மற்றப் பூவளும் நீ அனுப்பின சம்பூப் போத்தல்தான். பின்னுக்குக் கிடக்கு.” அவள் பால்தண்ணிச் செம்பை வாங்கித் தடியடியில் ஊற்றிக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“ஏனம்மா எறியேல்லை?”

“நீ அனுப்பினதை எப்பிடி மோனை எறியிறது?”

செந்தூரன் ஒரு கையை விட்டு அடுத்த மூடியையும் தொட்டான். தடி சரிந்தது.

“கதை பிறகு! தடியை நேராப் பிடியடா, நேரம் போகுது!” என்று கத்தினார் கனகசபாபதி. ஒன்பது நாற்பத்தேழுக்குக் கன்னிக்கால் நின்றது.

கலியாணம் நடந்தது, சாப்பாடு நன்றாயிருந்தது, சிநேகிதங்கள் ரயருக்குப் பக்கத்தில் நின்று படமெடுத்தார்கள். திங்கட்கிழமை காலையில் எழும்பியதும் செந்தூரன் ஒரு செம்பு தண்ணீரோடு மூலைக்குப் போனான். செவ்வாய்க்கிழமையும் போனான். “அப்பா, முருக்கு தளிர்க்காட்டி என்ன செய்யிறது?” என்று மெல்லக் கேட்டான்.

“உனக்குத்தான் உதிலையெல்லாம் நம்பிக்கை இல்லையே” என்றார் கதிரவேலு.

புதன்கிழமை குணலட்சுமி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் கொங்கிறீற் உடைக்கும் மெஷின் சத்தம் கேட்டது. புதன்கிழமை! றெஜி கட்டாயம் வருவேன் என்று சொன்ன நாள். அந்த ரயருக்குள் இப்போது கன்னிக்கால் நிற்கிறது, அதில் யாரும் கை வைக்கமாட்டார்கள் என்று அவள் நம்பியிருந்தாள். மகனிடம் கேட்டு நிச்சயப்படுத்தப் பயந்து கேளாமலே விட்டிருந்தாள். மீன் மணக்கிற கையோடு ஓடினாள்.

மூலையில் ரயர் அப்படியே நின்றது, முருக்கும் நின்றது. றெஜி மெஷினோடு வாசலடியில் நின்றான், முகத்தில் ஒன்றும் விளங்காத பாவனை. முற்றத்து நடுவில் செந்தூரன் குந்தியிருந்தான். கிணற்றடியிலிருந்து உருட்டி வந்த ஊதா வளையத்தைக் கல்லின்மேல் வைத்து ஆரணி பிடிக்க, அவன் அதைச் சுற்றிச் சோக்கால் கோடு கீறிக்கொண்டிருந்தான். ஆரணியின் புதுத் தாலிக்கொடி முழுக்கத் தூசி. அதோடு சேர்த்து நாலு வட்டம் ஆயிற்று. முதலாவது வட்டத்துக்குள் கல்லும் கொங்கிறீற்றும் உடைந்து, ஒரு பக்கத்தில் மண் தெரிந்தது.

“அன்ரி, மூடத்தான் வரச்சொன்னவர். வந்தால் உடைக்கச் சொல்லுறார்” என்றான் றெஜி.

செந்தூரன் நிமிரவில்லை. “அம்மா, பின்னாலை மொத்தம் எத்தினை ரயர் கிடக்கு?”

“பதினொண்டு.”

“அப்ப இன்னும் ஏழு.” அவன் வளையத்தைத் தூக்கி அடுத்த இடத்தில் வைத்தான்.

குணலட்சுமி அழுதாள். இந்த முறை முகம் கழுவப் போகவில்லை. கையில் மீன் மணம், துடைக்கவும் முடியவில்லை. நின்ற இடத்திலேயே நின்று அழுதாள். “நடுவிலை போடாதையுங்கோடா, மோட்டச்சைக்கிள் போகவேணும்!” என்று கதிரையில் இருந்து கத்தினார் கதிரவேலு. ஒருவரும் அவரைக் கவனிக்கவில்லை.

“இது சரியோ மாமி?” என்று ஆரணி கேட்டாள்.

குணலட்சுமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்த்தாள்.

“உது கோணல் பிள்ளை. ஒரு சாண் இஞ்சாலை எடுங்கோ.”

செந்தூரன் ஒரு சாண் இஞ்சாலை எடுத்து வைத்தான்.